புள்ளி ஏறாத குழி

கடப்பாறையும் மண்வெட்டியுமாக நாலு பேர் டீக்கடைக்குள் நுழைந்து, பெஞ்சில் இருந்தவர்களை எழுந்திருக்கச் சொன்னார்கள். கடைக்காரர் வடிகட்டியும் கையுமாக என்ன ஏது என்று திரும்புவதற்குள், அடுப்புக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் ஒருவன் ஓங்கி ஒரு போடு போட்டான்.

"யோவ், யோவ்! என்னய்யா பண்றே? கடைய்யா இது!"

"தெரியுது. கடைக்கு அடியில வால்வு இருக்கு."

"என் கடைக்கு அடியில எதுக்குய்யா வால்வு?"

"அத எங்கிட்ட கேக்காதே. போன்ல காட்டுது, பாரு. ஒண்ணு ரெண்டு இல்ல, ஒன் கடை பூரா வால்வுதான். எது மேல நின்னு டீ ஆத்துறேன்னு உனக்கே தெரியல."

அவர்கள் அன்றைக்குக் கூலிக்கு வந்த வேறு பகுதி ஆட்கள். மார்க்கெட் ரோட்டில் பெரிய குழாய் உடைந்து, தண்ணீர் கடைகளுக்குள் புகுந்துகொண்டிருந்தது. வால்வை மூடினால்தான் நிற்கும். வால்வு எங்கே என்று போனில் குடிநீர் வாரியத்தின் குழாய்ப் படத்தைப் பார்த்தார்கள். படம் டீக்கடை என்றது. நம்பிவிட்டார்கள். மத்தியானம் வரைக்கும் மார்க்கெட்டில் செருப்பும் வெங்காயமும் மிதந்தன. டீக்கடைக்காரர் பெயர்ந்த சிமெண்டை ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு நேராகக் குடிநீர் வாரிய ஆபீசுக்குப் போய், பெரிய இன்ஜினியர் மேஜை மேல் கொட்டினார்.

அதோடு படப்பிரிவின் மானம் கப்பலேறியது.

படப்பிரிவு என்றால் மாடியில் ஒரு மூலை அறை. ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, மேற்கு வெயில் நேராக முகத்தில் அடிக்கிற ஒரு ஜன்னல். ஜி.ஐ.எஸ். என்று வாசலில் போர்டு தொங்கும். ஊரின் படம் கம்ப்யூட்டருக்குள் இருக்கும்; ஒரு தெருவைத் தொட்டால் அதற்கடியில் போகிற குழாய் என்ன வயசு, என்ன அகலம், எங்கே வால்வு, எப்போது உடைந்தது என்று சொல்லும். சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வைக்கிற பொறுப்பு ஒரு பெண்மணியுடையது. வரைவாளராக வேலைக்குச் சேர்ந்து, மெழுகுத் துணியில் கோடு இழுத்துக் கையில் காய்ப்பு விழுந்தவள். குழி தோண்டுகிற ஆட்கள் அவளைப் படக்காரம்மா என்பார்கள்.

இந்த மாதிரிப் படம் அந்த ஆபீசுக்குப் புதிதில்லை. இது மூன்றாவது. முதல் தடவை ரிப்பன் வெட்டினார்கள், கை தட்டினார்கள், வெளியூரிலிருந்து வந்த கம்பெனி பெரிய பெரிய பெட்டிகளை இறக்கிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போனது. திட்டம் முடிந்தது, கம்பெனி போனது, அடுத்த வருஷம் உரிமம் புதுப்பிக்க ஆளில்லை. ஒரு நாள் காலையில் திறந்தால் மென்பொருள் தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவை நன்றாகவே ஓடியது. ஆனால் ஓட்டத் தெரிந்தவன் ஒரே ஒருவன். அவனுக்கு வேறு இடத்தில் நல்ல வேலை கிடைத்தது. பாஸ்வேர்டை மண்டைக்குள்ளேயே எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ரெண்டு தடவையும் அவள் பக்கத்து மேஜையில் இருந்து பார்த்தாள். தரைக்கடியில் குழாய் மாறிக்கொண்டே இருந்தது, படம் மாறவில்லை. படம் பொய் சொன்னால் ஆள் அதைப் பார்க்க மாட்டான். பார்க்காத படத்தை எவனும் திருத்த மாட்டான். அப்படித்தான் செத்தது, ரெண்டும்.

மூன்றாவது தன் கைக்கு வந்தபோது அவள் பெட்டி கேட்கவில்லை, ஏசி கேட்கவில்லை. காசு கொடுக்காமல் கிடைக்கிற மென்பொருளே போதும் என்றாள். வேலை தெரிந்தவர்கள் எப்போதும் ரெண்டு பேர் இருக்க வேண்டும் என்றாள். அந்த ரெண்டு பேர் சம்பளம் திட்டத்துக் காசிலிருந்து வரக் கூடாது, வாரியத்தின் சொந்தச் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும் என்றாள். பிறகு ஒரு விதி கேட்டாள். அப்போதிருந்த பெரிய இன்ஜினியர் ஓய்வு பெறுகிற சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். புள்ளி ஏறாமல் குழி மூடக் கூடாது. அவ்வளவுதான் விதி. குழாயைச் சரி செய்தவன் போனோடு குழிக்குள் இறங்க வேண்டும். அந்த இடத்திலேயே நின்று ஒரு போட்டோ எடுத்து, ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். போன் எங்கே நிற்கிறதோ அந்த இடம் படத்தில் புள்ளியாக விழும். மாடியில் அவள் பார்த்துச் சரி என்பாள். அப்புறம்தான் மண் தள்ளலாம்.

ஓடிக்கொண்டிருந்தது. வருஷக் கடைசியில் வசூல் நெருக்கடி வந்தது. புதிதாக வந்த பெரிய இன்ஜினியர், படம் எங்கேயும் ஓடிப் போகாது என்று சொல்லி, அவளையும் அவள் உதவியாளரையும் பில் கவுண்டருக்கு அனுப்பினார். மூலை அறை ஒரு மாதம் பூட்டிக் கிடந்தது; சரி சொல்ல ஆளில்லாமலே குழிகளை மூடினார்கள். அந்த ஒரு மாதத்தில் விழுந்த புள்ளிகள்தான் டீக்கடைக்குள் கிடந்தன.

அந்தப் புள்ளிகளை வைத்த ஆட்களுக்கு மேஸ்திரி, அவள் புருஷன்.

*

அவன் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பின்பக்கக் குழாயடியில் முழங்கால் வரைக்கும் சேறு கழுவிக்கொண்டிருந்தான். அவள் அடுப்பில் உருளைக்கிழங்கைப் புரட்டிக்கொண்டே ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"புள்ளிய எங்க நின்னு வச்சீங்க?"

"வச்சோமில்ல."

"எங்க நின்னுன்னு கேட்டேன்."

"டீ குடிக்கறப்ப."

"டீ குடிக்கறப்பன்னா?"

"கை பூரா சேறு. போனைத் தொட முடியுமா? வேலை முடிஞ்சு, கை கால் கழுவி, கடையில உக்காந்து, அன்னைக்குப் பாத்த வால்வு நம்பர் எல்லாத்தையும் வரிசையாப் போட்டு அமுக்கிட்டோம். நம்பர் சரியா இருக்கில்ல? ஒரு நம்பராவது தப்பா இருக்கா, சொல்லு."

"நம்பர் சரி. இடம்?"

"இடம்தான் நம்பர்ல இருக்கே."

அவள் கரண்டியை வைத்துவிட்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"போனு, தான் நிக்கிற இடத்தைத்தான் எழுதும்னு எத்தனை தடவை சொன்னேன். உங்க ஆளுங்க எல்லாத்தையும் உக்கார வச்சுச் சொல்லலையா?"

"சொன்னே. நம்ம பசங்கள்ல சுருட்டைதான் தூங்கிட்டான்."

முன்னறையில் நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். அவள் காது கேட்காத பேச்சு அந்த வீட்டில் கிடையாது.

"தம்பிய ஏண்டி வையிறே? வெயில்ல காஞ்சு வந்திருக்கான். நீ விசிறிக்கடியில உக்காந்து பொட்டு வைக்கிறே."

"பொட்டு இல்லக்கா, புள்ளி."

"ரெண்டும் ஒண்ணுதான். நெத்தியில வச்சா பொட்டு, மண்ணுல வச்சா புள்ளி. ஆனா டீக்கடையில வச்சது யாருடா?"

"அக்கா, நீ சும்மா இரு," என்றான் அவன்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். சோறும் உருளைக்கிழங்கும் ஆளுக்கு ஒரு முட்டையும். அவன் ரெண்டு வாய் தின்றுவிட்டுக் கையை நிறுத்தினான்.

"சேறு ஒரு காரணம்தான். உங்கிட்ட மறைக்க என்ன இருக்கு. பசங்க போனை வண்டியிலயே வச்சுட்டுப் போறானுங்க. நான்தான் வைக்கச் சொன்னேன்."

"ஏன்?"

"கூடவே வச்சுக்கிட்டா எங்க போறோம், எங்க நிக்கிறோம், எவ்வளவு நேரம் நிழல்ல உக்காந்தோம்னு எல்லாம் மேல தெரியும். தெரிஞ்சா வெட்டுவானுங்க. மொதல்ல ஓவர்டைம வெட்டுவான், அப்புறம் ஆளை வெட்டுவான். நான் எத்தனை பெரிய இன்ஜினியரப் பாத்திருக்கேன்."

"நான் வச்சிருக்கிற படத்துல அதெல்லாம் இல்ல. அமுக்கினா அந்த ஒரு இடம். அவ்வளவுதான்."

"உன் படத்துல இல்ல. நீ இருக்கிற வரைக்கும் இல்ல. நீ போனப்புறம்?"

அவள் தன் முட்டையை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். அவன் அதைத் திருப்பி அவள் தட்டில் வைத்தான். நாத்தனார் எடுத்துத் தின்றுவிட்டாள்.

*

அடுத்த கூட்டத்தில் பெரிய இன்ஜினியர் படத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டார். டீக்கடையின் மேல் புள்ளிகள் ஈ மொய்த்த மாதிரி அப்பிக் கிடந்தன. கணக்குப் பிரிவு சிரித்தது, கொள்முதல் பிரிவு சிரித்தது, டைப்பிஸ்ட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூலையில், இந்த மாதிரிப் படம் போட்டு விற்கிற கம்பெனிக்காரர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. வியாபாரம் செய்ய வந்தவர் ஏன் சிரிக்கப் போகிறார்?

"ஆபீசே வச்சுக்கிட்டா இதான் கதி," என்றார் பெரிய இன்ஜினியர். கெட்ட மனுஷர் இல்லை. மார்க்கெட்காரர்களிடம் வாங்கிய வசவு காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்த மனுஷர். "கம்பெனிகிட்ட குடுத்துடலாம். அவங்க மெஷின்ல அவங்களே வச்சுப் பாத்துக்குவாங்க. நமக்குத் தலைவலி இல்ல."

"அந்தப் புள்ளி எல்லாம் நானில்லாத மாசத்துல விழுந்தது சார்," என்றாள் அவள்.

"நீங்க ஒரு மாசம் இல்லாட்டி விழுந்துடற ஏற்பாடு என்ன ஏற்பாடு?"

"அதேதான் சார் நானும் கேக்கறேன். ரெண்டு பேர் வேணும்னு கேட்டது அதுக்குத்தான். ரெண்டு பேரையும் சேர்த்து நீங்க கவுண்டருக்கு அனுப்பினீங்க."

கணக்குப் பிரிவு சிரிப்பை நிறுத்தியது.

கம்பெனிக்காரர் எழுந்து நல்ல குரலில், தேன் தடவிப் பேசினார். எங்கள் ஏற்பாட்டில் இந்தத் தப்பே வராது. ஒவ்வொரு ஆளும் காலையில் கிளம்பியதிலிருந்து வீடு திரும்புகிற வரைக்கும் படத்தில் தெரிவார். எங்கே நின்றார், எவ்வளவு நேரம் நின்றார், எல்லாம் நிமிஷக் கணக்கில் வரும்.

பெரிய இன்ஜினியரின் முதுகு நிமிர்ந்தது. "எல்லா ஆளுமா?"

"எல்லா ஆளும் சார். சிவப்புப் புள்ளியா நகரும்."

சாப்பாட்டுத் தட்டில் கையை நிறுத்தி அவள் புருஷன் சொன்னது இதைத்தானே. எழுந்து நின்றாள்.

"சார், இது குழாய்ப் படம். குழாய வைப்பேன், வால்வ வைப்பேன், உடைஞ்ச இடத்த வைப்பேன். ஆள வைக்க மாட்டேன்."

"நீங்க வைக்க வேணாம்மா. அவங்க வைப்பாங்க."

"வச்சா நாலு மாசம்தான் ஓடும் சார். தன்னைப் பிடிச்சுக் குடுக்கிற போன எவனும் குழிக்குள்ள எடுத்துட்டுப் போக மாட்டான். வண்டியில வைப்பான், மரத்துல மாட்டுவான், நாய் கழுத்துல கட்டி விடுவான். உங்க படத்துல நாய்தான் ஓவர்டைம் பாக்கும். ரெண்டு படம் செத்ததப் பாத்துட்டேன். இதையும் நீங்க கொன்னா என் கையால கொல்லாதீங்க."

நாய் என்ற இடத்தில் டைப்பிஸ்ட் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரிம்மா," என்றார் பெரிய இன்ஜினியர், தாளை அடுக்கிக்கொண்டே. "நாளைலேர்ந்து நீங்க ரெண்டு பேரும் கவுண்டர். கம்பெனி ஆள் வந்து பொறுப்பெடுத்துக்குவார்."

"என்னைக்கு வருவார்?"

"ஒப்பந்தம் ஆனதும்," என்றார் கம்பெனிக்காரர்.

*

"பாத்தியா! நான் சொன்னேனா இல்லையா?" அவன் தொடையைத் தட்டிக்கொண்டான்.

"நீங்க சொன்னது சரி. நீங்க பண்ணது தப்பு. ரெண்டையும் குழப்பாதீங்க."

"எங்களுக்காக எதுத்துப் பேசினியாமே. பியூன் சொன்னான்."

"உங்களுக்காக இல்ல. படத்துக்காக. பயந்தவன் வைக்கிற புள்ளி பொய்ப்புள்ளி. அது இருந்து என்ன, போய் என்ன. நீங்க டீக்கடையில வச்சதே பயத்துலதானே?"

அவன் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான்.

"மேஸ்திரி பொண்டாட்டின்னு என்னை எவனும் சொல்லிடக் கூடாதுன்னு உங்க ஆளுங்க புள்ளியத்தான் மத்தவங்கதவிட நாலு மடங்கு நோண்டிப் பாப்பேன். கடைசியில உங்க புள்ளியே என் கழுத்துக்கு வந்துடுச்சு." முந்தானையை இழுத்துச் செருகினாள். "கவுண்டருக்குப் போனாப் போகுது. சம்பளம் அதேதான். ஆனா அந்தப் படம் அடுத்தவன் மெஷினுக்குப் போனா திரும்பி வராது. ஊர் நம்மது, குழாய் நம்மது. எங்க இருக்குன்னு அவன்கிட்டப் போய்க் கை கட்டிக் கேக்கணும்."

நாத்தனார் துணி மடிப்பதை நிறுத்திவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். "ஏண்டா, வாயில என்ன, கொழுக்கட்டையா? ஏதாச்சும் சொல்லு."

அவன் கொஞ்ச நேரம் கால் நகத்தில் இருந்த சேற்றைச் சுரண்டினான். "அந்த விதி இருக்கில்ல? புள்ளி ஏறாம குழி மூடக் கூடாதுன்னு. அது இன்னும் இருக்கா, எடுத்துட்டாங்களா?"

"எடுக்கல. அப்படி ஒண்ணு இருக்கறதே இவருக்குத் தெரியாது."

"ம்," என்றான் மேஸ்திரி. தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனான்.

*

அந்த வாரம் வானம் மூடிக்கொண்டது. வெயில் இல்லை, மழையும் இல்லை, புழுக்கம் மட்டும். சந்தைப்பக்கத்தில் ஒரு கசிவு, பள்ளிக்கூடத் தெருவில் ஒன்று, மார்க்கெட் ரோட்டில் முன்பு உடைந்த அதே குழாய், பக்கத்து மூட்டில் இன்னொன்று. மேஸ்திரியின் ஆட்கள் எல்லாவற்றையும் மளமளவென்று சரி செய்தார்கள். தண்ணீர் வந்தது. யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் குழிகளை மூடவில்லை.

சுற்றிக் கயிறு கட்டினார்கள். மேலே பலகை போட்டார்கள். சுருட்டை ஒரு குழி ஓரத்தில் முக்காலி போட்டு, விழ வருகிறவர்களை மரியாதையாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். பொத்தானை அமுக்கியாயிற்று. மேலிருந்து சரி என்று யாரும் சொல்லவில்லை. மாடியில் அறை பூட்டியிருந்தது.

உதவி இன்ஜினியர் ஸ்கூட்டரில் வந்து கத்தினார். "மூடுய்யா! லாரி நிக்குது!"

"மூடலாம் சார். புள்ளி ஏறிடுச்சான்னு கேட்டுச் சொல்லுங்க."

"யாருகிட்டக் கேக்க?"

"அதான் சார் எங்களுக்கும் தெரியல. விதி இருக்கு. மூடிட்டு நாளைக்கு டீக்கடைய இடிச்சா எங்க பேர்தானே கெடும்? ஏற்கனவே கெட்டது போதும்."

"கம்பெனி ஆள் வருவாருய்யா."

"வரட்டும் சார். நாங்க இங்கதான் இருக்கோம். எங்கயும் போகல. எந்தப் படத்துல வேணும்னாலும் பாத்துக்கலாம், நகரவே மாட்டோம்."

மற்றப் பகுதி மேஸ்திரிகளுக்குச் செய்தி போனது. அவர்களும் விதி என்றார்கள். அத்தனை வருஷமாக விதி என்றால் காத தூரம் ஓடுகிறவர்கள், அந்த ஒரு விதியை மட்டும் நெஞ்சில் வைத்துக் கொஞ்சினார்கள்.

மார்க்கெட்காரர்கள் திரண்டு ஆபீசுக்கு வந்தபோது அவள் கவுண்டரில் இருந்தாள். கம்பிக்கு வெளியே வரிசை தாழ்வாரத்தைத் தாண்டி நின்றது. மாடியில் சத்தம் ஏறிக்கொண்டே போனது. பெரிய இன்ஜினியரின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. கம்பெனிக்குப் போன் போட்டார்களாம். ஒப்பந்தம் ஆனதும் ஆள் வரும் என்றார்களாம். பியூன் ஓடி வந்தான்.

"மேடம், மேல கூப்பிடறாரு."

"வரிசை நிக்குது, பாரு. நான் கவுண்டர்."

"கோபமா இருக்காரும்மா."

"கவுண்டர்ல கோபமா இருக்கறவங்க நிறையப் பேர் நிக்கிறாங்க. யாரையும் முன்னால விட முடியாது."

வரிசையில் நின்ற ஒரு கிழவர் கைத்தடியைத் தட்டிச் சிரித்தார். பியூன் போனான். கொஞ்ச நேரத்தில் பெரிய இன்ஜினியரே படி இறங்கி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"விளையாடறீங்களா நீங்களும் உங்க வீட்டுக்காரரும்?"

"அவர் வேலைய அவர் பாக்கறார் சார். நான் நீங்க குடுத்த வேலையப் பாக்கறேன்."

"மேல போய்ப் புள்ளிய ஏத்துங்க."

"அந்த அறை கம்பெனிக்குன்னு சொன்னீங்க."

"அம்மா..." குரலைத் தாழ்த்தினார். "என்ன வேணும் உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் வேணாம் சார். படத்துக்குத்தான் வேணும். படம் வாரியத்து மெஷின்லயே இருக்கணும். ரெண்டு பேர் வேலை வாரியத்துச் சம்பளத்துல இருக்கணும், எந்த வசூலுக்கும் எடுக்கக் கூடாது. ஆள் நடமாட்டம் படத்துல ஏறக் கூடாது. எழுதிக் குடுங்க."

"முதல்ல ரோட்டை மூடுங்க. அப்புறம் எழுதறேன்."

"அப்புறம்னா எப்ப சார்?"

அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவள் அடுத்த பில்லுக்குக் கம்பி வழியாகக் கையை நீட்டினாள்.

"அடுத்தது யாருங்க?"

"அவர்தாம்மா," என்றார் கைத்தடிக் கிழவர், பெரிய இன்ஜினியரைக் காட்டி. "எங்கள முந்திக்கிட்டு வந்து நிக்கிறாரு. முடிச்சு அனுப்பு, பாவம்."

வரிசை முழுதும் கொல்லென்று சிரித்தது. பெரிய இன்ஜினியர் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். இல்லை. கிழவர் தன் பேனாவைக் கொடுத்தார், மூடியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு.

கவுண்டர்ப் பலகை மேலேயே எழுதினார். முதல் வரியை எழுதினார். மூன்றாவதையும் முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். இரண்டாவதில் மட்டும் பேனா நின்றது. சம்பளப் பட்டியல் தன் கையில் இல்லை, மேலிடம் என்றார். இந்த வருஷக் கடைசி வரை யாரும் தொட மாட்டார்கள் என்று வேண்டுமானால் எழுதலாம்.

அவள் படித்துப் பார்த்தாள். கேட்டது முழுசாக இல்லை. கிடைத்ததை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வருஷக் கடைசியில மறுபடி வருவேன் சார்."

"வராம இருப்பீங்களா," என்றார் அவர், படியேறிக்கொண்டே.

*

மார்க்கெட் ரோட்டுக் குழிக்கு அவளே நேரில் போனாள். உதவியாளர் மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தூறல் ஆரம்பித்திருந்தது. கடைக்காரர்கள் ஷட்டருக்குக் கீழே ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

மேஸ்திரி குழிக்குள் நின்றிருந்தான். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கையை நீட்டினாள்; பிடித்து இறக்கினான். முழங்கால் வரைக்கும் சேறு. குழாயின் புது மூட்டு கறுப்பாக மின்னியது.

"எழுதிக் குடுத்தாரா?"

"குடுத்தார். வருஷக் கடைசி வரைக்கும்."

"அவ்வளவுதானா?"

"அதுக்குள்ள உங்க ஆளுங்களுக்கு எங்க நின்னு அமுக்கணும்னு மண்டையில ஏத்தணும். சுருட்டை தூங்கினா நான் பக்கெட்டுத் தண்ணிய ஊத்துவேன், சொல்லிட்டேன்."

"அண்ணி, நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்று மேலேயிருந்து குரல் வந்தது.

அவள் போனை மூட்டுக்கு நேராகப் பிடித்தாள். மேகம் இருந்தால் இடம் பிடிபடக் கொஞ்சம் நேரம் எடுக்கும். கை ஆடாமல் காத்திருந்தாள். மழைத்துளி திரையில் விழுந்தது. அவன் தன் தொப்பியைக் கழற்றி மேலே குடையாகப் பிடித்தான். ரோட்டில் லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். அடிக்கட்டும் என்று ரெண்டு பேரும் நின்றார்கள்.

திரையில் மூட்டு தெளிந்து வந்தது. அதன் ஓரத்தில், சேற்றில் புதைந்த அவன் பாதமும் வந்தது.

"கால நகத்துங்க."

"இருந்தா என்ன? என் காலுதானே."

"நகத்துங்க. படத்துல ஆள் வரக் கூடாது."